கிராமத்தில் இளம் உழவர் குழு: தொடங்குவது முதல் வருமானம் பார்ப்பது வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பொங்கலுக்கு உறியடியும் கோலப்போட்டியும் நடத்த ஊருக்கு ஊர் இளைஞர் மன்றம் இருக்கிறது. விவசாயத்துக்கென்று இளைஞர்கள் சேர்ந்த குழுக்கள் குறைவு. அப்படிச் சேர்ந்தவற்றிலும் பாதி, ஆறு மாதத்தில் பெயர்ப்பலகையோடு நின்றுவிடும். காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முதல் வாரத்திலேயே தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் ஸ்டாம்பு, மானிய மனு என்று இறங்குகிறார்கள். வயலில் சேர்ந்து செய்ய ஒரு வேலையும் இருக்காது. மானியம் வராவிட்டால் சலிப்பு வரும். வந்துவிட்டால் சண்டை வரும்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறேன். முதலில் வேலை, அப்புறம் கணக்கு, அதற்குப் பிறகு பதிவு, கடைசியாகத்தான் அரசுத் திட்டம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து மானாவாரிக் கிராமத்தை மனதில் வைத்து எழுதுகிறேன்: மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், வீட்டுக்கு நாலு வெள்ளாடு. உங்கள் ஊர் டெல்டா என்றால் நெல், உளுந்து என்றும், கொங்குப் பக்கம் என்றால் தென்னை, கறவை மாடு என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

முதல் படி: யார் யாரைச் சேர்ப்பது

பன்னிரண்டு பேரில் தொடங்கலாம், இருபதைத் தாண்ட வேண்டாம். ஐம்பது பேர் கையெழுத்துப் போட்ட குழுவில் வேலைக்கு வருவது எப்படியும் பத்துப் பேர்தான். வராத நாற்பது பேருக்குப் பங்கு கேட்க மட்டும் உரிமை இருக்கும்.

நிலம் இருப்பவர்களை மட்டும் சேர்க்காதீர்கள். ஆடு மேய்ப்பவர், டிராக்டர் ஓட்டுபவர், திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்த் திரும்பி வந்தவர், கல்லூரி முடித்துவிட்டுத் தேர்வுக்குப் படிக்கும் பெண் என்று எல்லோருக்கும் இதில் இடம் உண்டு. களை எடுப்பது, விதை பொறுக்குவது, ஆட்டுக்குத் தழை ஒடிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. அவர்கள் இல்லாத விவசாயக் குழு பாதி வேலையைப் பார்க்காமலேயே முடிவெடுக்கும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே தெருவில் ஆள் எடுத்தால் அது பங்காளிக் கூட்டம்தான். எல்லாத் தெருவிலும் ஆள் எடுங்கள். கூடும் இடமும் எல்லோரும் கூச்சமில்லாமல் வந்து உட்காரக்கூடியதாக இருக்கட்டும். கோயில் மண்டபத்தைவிடப் பள்ளிக்கூட மைதானமோ களத்துமேடோ நல்லது. யாராவது ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டுப் போகும் இடமாக இருந்தால் குழு அன்றைக்கே இரண்டாகிவிட்டது என்று அர்த்தம்.

பெரியவர்களை என்ன செய்வது? அனுபவமுள்ள இரண்டு பேரை ஆலோசனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மழை, மண், விதைக்கும் பட்டம் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இருக்காது. ஆனால் பணப் பொறுப்பும் இறுதி முடிவும் இளைஞர்களிடமே இருக்கட்டும்.

இரண்டாம் படி: ஊரைக் கணக்கெடுப்பது

குழுவின் முதல் வேலை நடவும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒரு நீள நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு பேராக ஊரைச் சுற்றி வாருங்கள். யார் எத்தனை ஏக்கரில் என்ன போட்டிருக்கிறார், எந்தக் கிணற்றில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, எந்த போர் வற்றிவிட்டது, ஊரில் எத்தனை பவர் ஸ்பிரேயர், எத்தனை ரோட்டாவேட்டர், எத்தனை ஆடு, போன வருடம் யாரிடம் என்ன விலைக்கு விற்றார்கள் என்று எழுதுங்கள்.

கடைசிக் கேள்விக்கு எல்லோரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பரவாயில்லை. பாதிப் பேர் சொன்னாலே போதும், ஒரே ஊரில் ஒரே வாரத்தில் ஒரே மக்காச்சோளம் மூட்டைக்கு எவ்வளவு வித்தியாசத்தில் போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும். உங்கள் குழு எதற்காக இருக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த நோட்டில் விடை இருக்கும். சில ஊரில் விடை விற்பனை, சில ஊரில் களைக்கு ஆள் இல்லாமை, சில ஊரில் ஆடு சாவது.

மூன்றாம் படி: கூட்ட நாள்

அமாவாசையை வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர்களில் அன்று ஏர் பூட்ட மாட்டார்கள், நாற்று நட மாட்டார்கள். ஆள் கிடைக்கும். தேதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதும் இல்லை. மாலை ஒன்றரை மணி நேரம் போதும். சந்தா வசூல், போன மாதக் கணக்கு, இந்த மாத வேலை, பார்த்த பூச்சி, சந்தை விலை. இந்த ஐந்தைத் தாண்டி அரசியல் பேச்சு வந்தால் கூட்டத்தை முடித்துவிட்டு டீக்கடையில் போய்ப் பேசுங்கள்.

வாட்ஸ்அப் குழு வேண்டும்தான். ஆனால் அதில் இலைப் படமும் விலையும் மட்டும் போகட்டும். காலை வணக்கம் போடுபவருக்கு பத்து ரூபாய் அபராதம் என்று வைத்தால் சந்தாவுக்குத் துணையாக இருக்கும்.

நான்காம் படி: செயல்விளக்கத் திடல்

புது முறையை ஊர் கண்ணால் பார்க்க ஒரு சின்ன நிலத்தில் செய்து காட்டுவதுதான் செயல்விளக்கத் திடல். குழுவின் உயிர் இதில்தான் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வேளாண் அதிகாரிகளுக்கு ஒரு தொல்லை இருந்தது. புது விதை, புது முறை என்று என்ன சொன்னாலும் பெரியவர்கள் காதில் வாங்கவில்லை. பையன்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் ஒதுக்கச் சொல்லி, மக்காச்சோளப் போட்டி வைத்தார்கள். 1910இல் தென் கரோலினாவில் ஜெர்ரி மூர் என்ற சிறுவன் ஒரே ஏக்கரில் 228 புஷல் எடுத்தான். நம் கணக்கில் கிட்டத்தட்ட 5.8 டன். மகனின் கதிரைப் பார்த்த அப்பாக்கள் அடுத்த வருடம் தாங்களாகவே வந்து விதை கேட்டார்கள். இன்று அங்கே நாலு இலைச் சின்னத்தோடு நடக்கும் ஃபோர் எச் (4-H) என்ற இளையோர் சங்கங்களுக்கு இந்தச் சிறுவர் குழுக்கள்தான் வேர்.

நம் ஊர் அப்பாக்களும் அப்படித்தான். 'மொத்தக் காட்டையும் என் பேச்சைக் கேட்டு மாற்று' என்றால் விரட்டிவிடுவார்கள். 'ஒரு ஓரத்தில் இருபது சென்ட் கொடுங்கள், நஷ்டம் வந்தால் குழு பார்த்துக்கொள்ளும்' என்று கேட்டால் முணுமுணுத்துக்கொண்டே கொடுப்பார்கள். சாலையோர நிலமாகப் பார்த்துக் கேளுங்கள், பஸ்ஸில் போகிறவர்கள் கண்ணில் படட்டும். பக்கத்திலேயே வழக்கமான முறையில் இன்னொரு இருபது சென்ட் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் இல்லாத திடல் வெறும் விவசாயம்தான்.

மண் பரிசோதனையில் தொடங்குங்கள். ஆய்வகத்துக்குப் போகும் அரைக் கிலோ மண்தான் முழு வயலுக்கும் சாட்சி சொல்லப் போகிறது, ஆகவே எடுக்கும் விதம் முக்கியம். வரப்போரம், மரநிழல், எருக்குப்பை கொட்டிய இடம், வாய்க்கால் ஓரம் ஆகியவற்றை விட்டுவிடுங்கள். வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடத்தில், மேலே கிடக்கும் சருகைத் தள்ளிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 'வி' வடிவில் குழி வெட்டி, குழிச் சுவரில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஒரு அங்குலக் கனத்துக்கு மண்ணைச் சீவி எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, வட்டமாகப் பரப்பி, நாலு பங்காகக் கோடு கிழித்து, எதிரெதிர்ப் பங்கு இரண்டைத் தள்ளிவிடுங்கள். மீதி அரைக் கிலோ வரும்வரை இதையே திரும்பச் செய்யுங்கள். நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போட்டு, பெயர், சர்வே எண், முன் பயிர், அடுத்த பயிர் எழுதிய சீட்டையும் உள்ளே வையுங்கள். உரச் சாக்கில் மட்டும் போட்டுக் கொடுக்காதீர்கள், சாக்கில் ஒட்டியிருக்கும் யூரியாவுக்கும் சேர்த்துத்தான் முடிவு வரும்.

அடுத்தது முளைப்புத்திறன். வீட்டில் வைத்திருந்த விதை என்றால் கட்டாயம் பாருங்கள். ஈரச் சாக்கில் 100 விதையை வரிசையாக அடுக்கிச் சுருட்டி நிழலில் வைத்து, ஒரு வாரம் கழித்து எண்ணினால் போதும். சான்று விதைக்கு நெல்லில் 80, உளுந்தில் 75, நிலக்கடலையில் 70 முளைக்க வேண்டும் என்பது குறைந்தபட்ச அளவு. உங்கள் எண்ணிக்கை இதற்குக் கீழே போனால் அந்த விதையை மறந்துவிடுங்கள். இதைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். எண்ணுவதில் அவர்களை யாரும் ஏமாற்ற முடியாது.

பயிர் வந்த பிறகு வாராவாரம் செய்ய வேண்டியது பூச்சிக் கணக்கு. 2018இல் குருத்தைத் தின்னும் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்த பிறகு மக்காச்சோளக்காரர்களுக்கு இது தப்பிக்க முடியாத வேலை ஆகிவிட்டது. காலை வெயிலுக்கு முன் வயலில் இறங்கி ஐந்து இடத்தில் நின்று, இடத்துக்கு இருபது செடி பாருங்கள். மொத்தம் 100 செடி என்பதால் அடிபட்ட செடியின் எண்ணிக்கை அப்படியே விழுக்காடாகிவிடும். குருத்தை விரித்தால் மரத்தூள் போல எச்சம் கிடக்கும். புழுவின் தலையில் 'ஒய்' எழுத்தைத் தலைகீழாகக் கவிழ்த்த மாதிரி வெள்ளைக்கோடு, வாலுக்குச் சற்று முன் சதுரமாக நாலு கரும்புள்ளி இருந்தால் அதுதான். முட்டைக் குவியல் இலையின் மேல் பஞ்சு மூடியது போல இருக்கும். அதைக் கையால் நசுக்கிவிட்டால் நூற்றுக்கணக்கான புழு அங்கேயே முடிந்தது.

கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு, வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ, கண்காணிக்க, ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி. வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் இந்த மூன்றையும் திடலில் செய்து, பக்கத்து நிலத்தில் செய்யாமல் விட்டு, இரண்டிலும் வாராவாரம் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். மருந்து எப்போது அடிப்பது என்பது பயிரின் வயதையும் சேதத்தையும் பொறுத்தது. உங்கள் எண்ணிக்கையோடு வேளாண் அலுவலரிடம் போங்கள். 'சார், புழு ஜாஸ்தியா இருக்கு' என்று போகிறவருக்குக் கிடைக்கும் பதிலும், 'சார், இருபது நாள் பயிர், நூறில் பதினாலு அடிபட்டிருக்கு' என்று போகிறவருக்குக் கிடைக்கும் பதிலும் ஒன்றாக இருக்காது.

அறுவடை அன்று ஊரைக் கூப்பிடுங்கள். இரண்டு நிலத்திலும் ஒரே அளவு பாத்தியை எல்லோர் கண்முன் அறுத்து, எடை போட்டு, செலவையும் அட்டையில் எழுதி வையுங்கள். விளைச்சல் குறைந்திருந்தாலும் எழுதுங்கள். மறைத்தால் அடுத்த முறை யாரும் வர மாட்டார்கள்.

ஐந்தாம் படி: நிலமில்லாதவர்களுக்கான வேலை

திடல் மட்டும் வைத்திருந்தால் நிலமில்லாத உறுப்பினர்கள் வேடிக்கை பார்ப்பவர்கள் ஆகிவிடுவார்கள். ஆடும் கோழியும் அவர்கள் பிரிவு.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் பாரம்பரிய நெல்லைப் பரப்பிய முறை எளிமையானது: 2 கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருடம் அது 4 கிலோவாகத் திரும்பி வர வேண்டும். அதே முறையில் ஆட்டையும் சுற்றுக்கு விடலாம். குழுப் பணத்தில் இரண்டு பெட்டை ஆடு வாங்கி இரண்டு பேரிடம் கொடுங்கள். முதல் ஈற்றில் ஒரு பெட்டைக் குட்டி குழுவுக்கு, அது அடுத்த உறுப்பினருக்குப் போகும். தாய் ஆடு வளர்த்தவருக்கே. குட்டி செத்தால் என்ன, கிடாவாகப் பிறந்தால் என்ன என்பதையெல்லாம் ஆட்டைக் கொடுக்கும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். பின்னால் பேசினால் கசப்புதான் மிஞ்சும்.

ஆடு சாவதைக் குறைப்பதுதான் குழு ஊருக்குச் செய்யக்கூடிய முதல் பெரிய உதவி. தனியாக ஒருவர் கால்நடை மருந்தகத்துக்கு நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு போவதில்லை. குழு முந்நூறு ஆட்டின் பட்டியலைக் கொடுத்தால் மருத்துவர் ஊருக்கே வந்து முகாம் போடுவார். ஆட்டுக்கொல்லி நோய்க்கான தடுப்பூசி, மழைக்காலத்துக்கு முன் துள்ளுமாரி நோய்க்கான ஊசி, மழைக்கு முன்னும் பின்னும் குடற்புழு நீக்கம். இந்த மூன்றையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கோழிக்கு வெள்ளைக்கழிச்சல்தான் எமன். வெயில் காலம் தொடங்குமுன் நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாமைத் தவற விடாதீர்கள். ஊசி போட்ட தேதியை எழுதி வைக்க ஒரு ஆளை நியமியுங்கள், அது அவருக்கும் ஒரு தொழில் அறிமுகம்.

சிப்பிக் காளான், மண்புழு உரம், தேனீ வளர்ப்பு எல்லாம் சொல்லக் கேட்க நன்றாக இருக்கும். காளானுக்கு வைக்கோலும் ஒரு குளிர்ந்த குடிசையும் போதும், மாதத்துக்குள் முதல் அறுவடை வந்துவிடும். ஆனால் பறித்த அன்றே விற்க ஆள் இல்லாத ஊரில் அதைத் தொடங்க வேண்டாம்.

ஆறாம் படி: கருவி வாடகை

குழுவுக்கு முதல் நிலையான வருமானம் இங்கிருந்துதான் வரும். டிராக்டருக்கு ஆசைப்படாதீர்கள், அது ஊரில் ஏற்கெனவே நாலு பேரிடம் இருக்கும். களை எடுக்கும் பவர் வீடர், பேட்டரி ஸ்பிரேயர், பெரிய தார்ப்பாய், தட்டு நறுக்கும் இயந்திரம் போன்றவைதான் எல்லோருக்கும் தேவைப்பட்டு யாரிடமும் இல்லாத சாமான்கள். தார்ப்பாயை யாரும் கருவியாகவே நினைப்பதில்லை. மாசி மாதம் திடீர் மழை வரும்போது மக்காச்சோளக் களத்தில் நின்று பார்த்தால் அதன் மதிப்பு தெரியும்.

விதிகள் கறாராக இருக்கட்டும். எண்ணெய்ச் செலவு கருவியை எடுப்பவருடையது. வாடகை முன்பணம். உறுப்பினருக்கு ஒரு விலை, வெளியாருக்கு ஒரு விலை. திரும்பக் கொண்டுவந்து விடும்போது கழுவித் துடைத்து, இஞ்சினை ஓடவிட்டுக் காட்ட வேண்டும். பழுது யாரால் என்ற சண்டையை இந்த ஒரு விதி பாதியாகக் குறைத்துவிடும். வாடகையில் மூன்றில் ஒரு பங்கைப் பழுதுபார்க்கத் தனியாக ஒதுக்கி வையுங்கள். தலைவரின் மாமாவானாலும் கடனுக்குக் கருவி கிடையாது.

ஏழாம் படி: பணமும் பதிவும்

மாதச் சந்தா 100 ரூபாய் என்றால் இருபது பேருக்கு வருடத்துக்கு 24,000 ரூபாய். இது சின்னத் தொகை இல்லை. வங்கியில் குழுவின் பெயரில் கூட்டுக் கணக்கு, மூன்று பேரில் இருவர் கையெழுத்து, எடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் தீர்மானப் புத்தகத்தில் ஒரு வரி. கணக்கு நோட்டு கூட்டத்துக்குக் கூட்டம் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், எல்லோரும் புரட்டிப் பார்க்கட்டும்.

ஒரு பருவம் ஓடிய பிறகு பதிவு செய்யலாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தாலே மாவட்டப் பதிவாளரிடம் சங்கமாகப் பதியலாம். ஆனால் சங்கம் லாபத்தைப் பங்கு பிரிக்க வந்த அமைப்பு இல்லை. வியாபாரம்தான் நோக்கம் என்றால் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகப் பதிய வேண்டும், அதற்குச் சட்டப்படி பத்து உற்பத்தியாளர்கள் போதும். மத்திய அரசின் உதவித் திட்டத்துக்குச் சமவெளியில் 300 உறுப்பினர் கேட்பார்கள். உங்கள் வட்டாரத்தில் ஏற்கெனவே ஒரு நிறுவனம் ஒழுங்காக நடந்தால் புதிதாக ஒன்று ஆரம்பிக்காமல் அதில் பங்குதாரர் ஆகிவிடுங்கள். தணிக்கை, வருடாந்திரக் கணக்குத் தாக்கல் என்று அதன் தலைவலி தனி.

ஊரில் பழைய 'உழவர் மன்றம்' ஒன்று பெயரளவில் கிடக்கிறதா என்றும் விசாரியுங்கள். ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டு 1982இல் தொடங்கி, 2005இல் அந்தப் பெயருக்கு மாற்றிய திட்டத்தில் ஊருக்கு ஊர் மன்றம் வைத்தார்கள். கணக்குப் புத்தகமும் ஒரு பெரியவரும் மிச்சம் இருந்தால் அதற்கே உயிர் கொடுக்கலாம்.

எட்டாம் படி: அரசு வாசல்கள்

இப்போது உங்களிடம் ஒரு திடலின் கணக்கு, தீர்மானப் புத்தகம், வங்கிக் கணக்கு மூன்றும் இருக்கின்றன. இனி அலுவலகத்துக்குப் போனால் நாற்காலி போடுவார்கள்.

முதல் வாசல் வட்டார வேளாண் விரிவாக்க மையம். உங்கள் ஊருக்கான உதவி வேளாண்மை அலுவலரைத் திடலுக்கே கூட்டி வாருங்கள். அங்கேயே, உழவர் பயிற்சிக்கான அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) திட்டத்தின் வட்டாரத் தொழில்நுட்ப மேலாளரும் இருப்பார். பண்ணைப் பள்ளி, பயிற்சி, வேறு ஊர் வயலை நேரில் பார்த்து வரும் கண்டுணர்வுப் பயணம் எல்லாம் அவர் வழியாக வரும். கண்டுணர்வுப் பயணத்தைச் சுற்றுலாவாக ஆக்கிவிடாமல், ஆளுக்கு ஒரு கேள்வி எழுதிக்கொண்டு போய், விடையோடு திரும்புங்கள்.

இரண்டாவது வேளாண் அறிவியல் நிலையம். நாட்டின் முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில், கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தொடங்கியது. காளான் வித்து முதல் உயிர் உரம் வரை பலதும் இந்த நிலையங்களில் கிடைக்கும். இளைஞர்களை விவசாயத்தில் நிறுத்தவென்றே இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 2015இல் தொடங்கிய 'ஆர்யா' திட்டம் உங்கள் மாவட்ட நிலையத்தில் நடக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்றாவது கூட்டுப் பண்ணையம். 2017-18 முதல் தமிழக வேளாண்மைத் துறை 20 பேர் கொண்ட உழவர் ஆர்வலர் குழுக்களை அமைத்து, ஐந்து குழுவைச் சேர்த்து 100 பேர் கொண்ட உற்பத்தியாளர் குழுவாக்கி, இயந்திரம் வாங்க 5 லட்சம் ரூபாய் கொடுத்தது. உங்கள் ஊரில் அப்படி வந்த இயந்திரம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பல இடங்களில் அது யாரோ ஒருவர் கொட்டகையில் நிற்கும். அதை எடுத்து ஓட்டும் பொறுப்பைக் குழு கேட்டு வாங்கலாம். புதிதாக மனுப் போடுவதைவிட இது சுலபம்.

இங்கே இளைஞர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் சுவர் ஒன்று உண்டு. எந்தத் திட்டத்துக்கும் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயிச் சான்று கேட்பார்கள். பட்டா தாத்தா பெயரிலேயே இருக்கும். பாகப்பிரிவினை முடியும்வரை காத்திருக்க முடியாது. குறைந்தபட்சம் கூட்டுப் பட்டாவில் வாரிசுகள் பெயரைச் சேர்க்கும் வேலையைக் குழுவாகச் சேர்ந்து, ஒரே நாளில் பத்துப் பேர் மனுவாகக் கொண்டு போங்கள். குத்தகைக்கு எடுத்தால் எழுத்தில் எடுங்கள். மற்றபடி தமிழக அரசின் உழவன் செயலியில் மானிய முன்பதிவும் சந்தை விலையும் பார்க்கலாம். சந்தேகத்துக்குக் கிசான் அழைப்பு மையம், 1800-180-1551.

ஒன்பதாம் படி: சேர்ந்து விற்பது

மக்காச்சோளம் பெரும்பாலும் நாமக்கல் பக்கத்துக் கோழித் தீவனத்துக்குப் போகிறது. களத்துக்கு வரும் வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து 'ஈரம் இருக்கு' என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிப்பார். ஈரம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உங்களிடம் அளவு இல்லாதவரை அவர் சொன்னதுதான் கணக்கு.

குழு ஒரு ஈரப்பதமானி வாங்கட்டும். அதுவரை ஒரு எளிய சோதனை இருக்கிறது. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மக்காச்சோளம் போட்டு, இரண்டு மூன்று கரண்டி காய்ந்த தூள் உப்புச் சேர்த்து, மூடி, ஓரிரு நிமிடம் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு பாட்டிலின் உட்சுவரில் ஒட்டினால் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல், இன்னும் ஒரு நாள் காய வேண்டும். ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் தைரியமாக விலை பேசலாம். பூஞ்சைக் கதிரைப் பொறுக்கித் தள்ளுங்கள், ஒரு மூட்டைப் பூஞ்சை முழு லாரியையும் திருப்பி அனுப்பிவிடும்.

லாரி லோடு சேரும் அளவுக்கு ஏழெட்டுப் பேர் சரக்கைச் சேர்த்து, ஊரிலேயே எடை போட்டு, எடை மேடைச் சீட்டோடு தீவன ஆலைக்கு நேராகப் பேசுங்கள். முதல் தடவை லாரி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் போக மிச்சம் அதிகம் இருக்காது. ஆனால் அடுத்த முறை வியாபாரி களத்துக்கு வந்து பேசும் விதம் மாறியிருக்கும்.

விலை இறங்கிக் கிடந்தால் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் வைத்து, பொருளீட்டுக் கடனாகச் சரக்கு மதிப்பில் 75 விழுக்காடு வரை வாங்கலாம். அவசரச் செலவுக்காக அடிமாட்டு விலைக்கு விற்பவர்களுக்கு இது பெரிய ஆறுதல். வெங்காயத்துக்கு இது ஒத்துவராது, அதற்குக் காற்றோட்டமான சேமிப்புப் பட்டறைதான். காய்கறிக்கு உழவர் சந்தை இருக்கிறது. 1999இல் மதுரையில் தொடங்கியது, அடையாள அட்டை வாங்கிக் குழுவாகப் பிரித்துக்கொண்டு முறை வைத்து உட்காரலாம்.

பத்தாம் படி: ஆளுக்கு ஒரு தொழில்

குழு இரண்டு வருடம் ஓடினால் உறுப்பினர்களில் சிலர் தனியாக நிற்கப் பார்ப்பார்கள். அதற்கு வழிவிட வேண்டும்.

விதைப்பண்ணை நல்ல தொடக்கம். சான்று விதை பெருக்குவதற்கான ஆதார விதை வாங்கி விதைத்து, விதைத்த 35 நாளுக்குள் அல்லது பூப்பதற்கு 15 நாள் முன்பாக, எது முந்தியதோ அதற்குள், விதைச்சான்றுத் துறையில் விதைப்பு விவரத்தைத் தெரிவிக்கும் விதைப்பறிக்கை பதிய வேண்டும். நெல் என்றால் பக்கத்து ரகத்தோடு 3 மீட்டர் இடைவெளி, வேற்று ரகச் செடிகளைப் பிடுங்கும் கலவன் நீக்கம், வயலாய்வு என்று கொஞ்சம் கண்டிப்பான வேலை. பூச்சி எண்ணிப் பழகியவருக்குக் கடினமாக இருக்காது.

மருந்து தெளிக்கும் ட்ரோன் ஓட்டுவதில் எல்லோருக்கும் ஆசை. பதினெட்டு வயதும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் இருந்தால், அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் ஓட்டுநர் சான்று வாங்கலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு 'நமோ ட்ரோன் தீதி' திட்டத்தில் 80 விழுக்காடு, அதிகபட்சம் 8 லட்சம் வரை மானியம். சான்று வாங்கிய உடனே கடன் போட்டு ட்ரோன் வாங்க வேண்டாம், முதலில் ஒரு பருவம் இன்னொருவரின் ட்ரோனை ஓட்டிப் பாருங்கள். பேட்டரி செலவு அப்போதுதான் புரியும்.

வேளாண் பட்டமோ பட்டயமோ படித்தவர்களுக்கு வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது: 45 நாள் இலவசப் பயிற்சி, தனியாகத் தொடங்க 20 லட்சம் ரூபாய் வரை திட்டக் கடன், அதில் 36 விழுக்காடு மானியம், பெண்களுக்கும் பட்டியலினத்தவருக்கும் 44. கடலை மிட்டாய், செக்கு எண்ணெய், வெங்காய வடகம் என்று பதப்படுத்தும் பக்கம் போகிறவர்கள், சிறு உணவு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் 35 விழுக்காடு, 10 லட்சம் வரை மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்கலாம்.

விலகுபவர் கணக்கு

இதை முதல் கூட்டத்திலேயே எழுதிவிட்டால் நல்லது. குழுவில் யாராவது கல்யாணமாகிப் போவார், யாராவது சிங்கப்பூருக்கு விசா வந்து போவார். கட்டிய சந்தாவில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், குழுக் கருவியில் பங்கு உண்டா, ஆடு யாருக்கு, புதிதாகச் சேர்பவர் பழைய சந்தாவைக் கட்ட வேண்டுமா என்பதெல்லாம் தீர்மானப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் இருக்கட்டும். சந்தாவில் பாதியைத் திருப்பித் தருவது, கருவியில் பங்கு இல்லை, குழுவுக்குக் குட்டி கொடுக்கும் முன் விலகினால் ஆடு சுற்றில் அடுத்தவருக்கு என்பது நியாயமான ஏற்பாடு. தலைவர், பொருளாளர் பொறுப்பையும் வருடத்துக்கு ஒருமுறை, தை மாத அறுவடை முடிந்ததும் வரும் அமாவாசையில் மாற்றுங்கள். பழைய பொருளாளர் புதியவருக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்து, இருவரும் அதே பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.